எந்த லினக்ஸ்? கூட்டாக எடுக்க வேண்டிய முடிவு

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்த தளம் இது. அரசு அலுவலகங்கள், பள்ளிகள், நூலகங்கள், தொழிற்சங்க அலுவலகங்கள், கட்சி அலுவலகங்கள் என நாடெங்கும் எத்தனையோ மேசைகளில் இன்றும் இதுவே இயங்கிக்கொண்டிருக்கிறது. அக்கணினிகள் மறுநாள் காலையில் நின்றுவிடவில்லை. வழக்கம்போல் வேலை செய்தன. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்பட மாட்டா என்பதே மாற்றம். உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் வழக்கு ஆவணங்களும் அடங்கிய ஒரு கணினிக்கு இது சிறிய செய்தி அன்று.

நிறுவனம் காட்டும் வழிகள் இரண்டு. முதலாவது, விண்டோஸ் 11க்கு மாறுவது. அதற்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இந்த வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். இரண்டாவது, நீட்டித்த பாதுகாப்புக்குப் பணம் கட்டுவது. நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாண்டில் 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். மூன்றாண்டுக்குச் சேர்த்தால் 427 டாலர். பழைய கணினி ஒன்றின் சந்தை மதிப்பைவிட அதைப் பாதுகாக்கும் கட்டணம் மிகுதி. நல்ல நிலையில் இருக்கும் எந்திரம், உழைக்கும் திறன் குன்றாதபோதே, விற்பனையாளரின் நாட்காட்டிப்படி குப்பைக்குப் போகவேண்டும் என்பதே இதன் பொருள்.

மூன்றாவது வழி லினக்ஸ். இதை அறிந்த தோழர்கள் பலர் உள்ளனர். ஆனால் மாற முடிவெடுத்தவர் முதலில் தடுமாறும் இடம், எந்த லினக்ஸ் என்ற கேள்வி. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், சோரின், பாஸ் என்று நீளும் பட்டியலைக் கண்டு மலைத்துப் பழைய இடத்துக்கே திரும்பியவர்கள் உண்டு. அந்த மலைப்பு தேவையற்றது. ஆனால் கேள்வி தேவையானது.

பல பெயர்கள், ஒரே வேர்

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம், எவரும் இயக்கவும் கற்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் புறப்பட்டது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய உட்கரு, அடுத்த ஆண்டு குனுவின் பொது உரிமத்தின்கீழ் வந்தபோது அத்திட்டத்துக்குக் குறைவாக இருந்த பாகம் கிடைத்தது. இந்த உட்கருவோடு எந்தெந்த மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டுவது, திரை எப்படித் தோன்றுவது, எத்தனை ஆண்டு பராமரிப்பது என்று ஒரு குழு முடிவுசெய்து வெளியிடும் தொகுப்பே வழங்கல் எனப்படுகிறது. டெபியன் 1993இல் தொடங்கிய தன்னார்வக் கூட்டுழைப்பு. அதன்மேல் 2004இல் உபுண்டு எழுந்தது. உபுண்டுவின்மேல் 2006இல் லினக்ஸ் மின்ட் எழுந்தது. ஒருவர் செய்ததை எடுத்து மற்றவர் மேம்படுத்தத் தடையில்லை என்பதால்தான் பெயர்கள் பெருகின. ஒன்றில் பழகியவர்க்கு மற்றொன்று அந்நியமாக இராது.

ஆகவே தேர்வு என்பது வாழ்நாள் ஒப்பந்தம் இல்லை. என்றாலும் பத்துக் கணினிகள் உள்ள ஒரு மாவட்ட அலுவலகத்தில் பத்துப் பேர் பத்து வழங்கல்களை நிறுவினால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் கற்றது மற்றவருக்கு உதவாது. பழுது பார்ப்பவருக்குப் பத்து மடங்கு வேலை. அலுவலகத்துக்கு ஒரே வழங்கல், கூடுமானால் மாவட்டம் முழுமைக்கும் ஒரே வழங்கல் என்பதே முதல் விதியாக இருக்கவேண்டும்.

எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் ஆயுள். ஒரு வெளியீட்டுக்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று பார்க்கவேண்டும். உபுண்டு ஈராண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளியிடும் நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்புக்கு ஐந்தாண்டுகள் உறுதி உண்டு. மின்ட் அந்தப் பதிப்புகளையே அடித்தளமாகக் கொள்வது. எனவே மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு வரும். ஃபெடோராவின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆயுள். புதியன நாடும் நிரலாளருக்கு அது ஏற்றது. சந்தாக் கணக்கு எழுதும் தோழருக்கு ஆண்டுதோறும் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை தேவையில்லை.

இரண்டாவது, பழைய எந்திரத்தால் தாங்க முடியுமா என்பது. மின்ட் இயங்க 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டிடமும் குறைந்தபட்சத் தேவை. 4 ஜிபி நினைவகம் இருந்தால் வசதி. அதன் மூன்று தோற்றங்களில் சின்னமன் அழகானது. எக்ஸ்எஃப்சிஇ எளியது, பழைய கணினிக்கு உகந்தது. சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஓர் எஸ்எஸ்டி பொருத்தினால், பத்தாண்டுக் கணினியும் வியக்கத்தக்க வேகம் பெறும்.

மூன்றாவது, திரையின் பழக்கம். இருபது ஆண்டுகளாக இடது கீழ்மூலையைச் சொடுக்கி வேலை தொடங்கியவரிடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வா என்று சொல்வது நியாயமாகாது. மின்ட்டிலும் சோரினிலும் பட்டியல், கீழ்ப்பட்டை, கோப்பு அடுக்கு யாவும் அவர் எதிர்பார்க்கும் இடத்திலேயே இருக்கும். உபுண்டுவின் இயல்பான திரை அமைப்பு வேறு. கெட்டது என்பதற்கில்லை, பழகச் சில நாள் கூடுதலாகும்.

நான்காவது, அதை ஆள்பவர் யார் என்பது. கட்டற்ற மென்பொருள் என்பதாலேயே முதலாளித்துவ நிறுவனத்தின் நிழல் படாதது என்று எண்ணிவிடக் கூடாது. 2012இல் உபுண்டுவின் உரிமை நிறுவனமான கனோனிகல், பயனர் தன் கணினிக்குள் தேடும்போதே அமேசான் பொருள்களைக் காட்டும் ஏற்பாட்டைப் புகுத்தியது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2016 பதிப்பில் அதைக் கைவிட்டது. ரெட்ஹேட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் வாங்கியது. அடுத்த ஆண்டே, 2029 வரை பராமரிக்கப்படும் என்று நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 எனும் வழங்கல் 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். உலகெங்கும் அதை வழங்கிகளில் நிறுவியிருந்தோர் திகைத்தனர். ஆனால் வேறுபாடும் இங்கேதான் தெரிந்தது. மூல நிரல் எல்லார் கையிலும் இருந்ததால், சில மாதங்களிலேயே ஆல்மா, ராக்கி எனும் மாற்று வழங்கல்கள் பிறந்தன. விண்டோஸ் 10ஐ அப்படி எவரும் தொடர்ந்து பராமரிக்க இயலாது. சட்டமும் உரிமமும் தடுக்கும்.

ஐந்தாவது அளவுகோல் எல்லாவற்றிலும் பெரிது. தடுமாறும்போது கேட்க, அருகில் யார் இருக்கிறார்? உள்ளூர்க் கல்லூரியில் படிக்கும் மாணவர் சங்கத் தோழர் உபுண்டு அறிந்தவர் என்றால், அந்த அலுவலகத்துக்கு உபுண்டுவே சிறந்த வழங்கல். தரப்பட்டியலில் முதலிடம் பெற்ற வழங்கல், கேட்க ஆளில்லாத ஊரில் கடைசி இடத்துக்குப் போய்விடும்.

இவற்றை வைத்துப் பார்த்தால், தனியாக முடிவெடுக்கும் புதியவருக்கும் சிறு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் மின்ட் பொருத்தமானது. நன்கொடைகளாலும் ஆதரவாளர்களாலும் நடப்பது. அடித்தளம் உபுண்டுவானாலும் அதன் வணிக முடிவுகளை அப்படியே ஏற்காதது. சோரினும் எளிது. விண்டோஸ் 10 விடைபெற்ற அதே நாளில்தான் அதன் 18ஆம் பதிப்பு வந்தது. எனினும் அதன் முழு வசதிப் பதிப்பு விலைக்குரியது. டெபியன் உறுதியில் நிகரற்றது. ஓரளவு கை பழகியவருக்கு உரியது.

சி-டாக் நிறுவனம் சென்னையை மையமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் தனியே குறிப்பிடத்தக்கது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடம் தந்து, பொதுப்பணத்தில் உருவான தளம் அது. அரசு அலுவலகங்களில் அது இடம்பெற வேண்டும் எனக் கோருவது சரியானது. வீட்டிலும் சங்க அலுவலகத்திலும் தனியே தொடங்குபவருக்கு, கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் பயனர் கூட்டம் மின்ட்டுக்கும் உபுண்டுவுக்கும் இருக்கும் அளவு பாஸுக்கு இல்லை. அந்தக் கூட்டத்தை வளர்ப்பது அரசின் முதலீட்டையும் மக்கள் பயன்பாட்டையும் பொறுத்தது.

மூன்று அனுபவங்கள்

மாற்றம் எப்படி வெல்கிறது, எப்படித் தோற்கிறது என்பதற்கு அனுபவங்கள் கண்முன் உள்ளன.

கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது பாடநூலில் விண்டோஸே இருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். படிப்படியாக முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடித்தளமாகக் கொண்டு, பாடத்திட்டத்துக்கேற்ற தனிப் பதிப்பு உருவாக்கப்பட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூலில் இடம், தேர்வில் செய்முறை என மூன்றும் ஒருங்கே நடந்தன. பின்னாளில் லிட்டில் கைட்ஸ் எனும் மாணவர் மன்றங்களும் தோன்றின. 2019இல் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் புதிய பதிப்பு வழங்கப்பட்டபோது, உரிமக் கட்டணத்தில் 3000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று கைட் நிறுவனம் கணக்கிட்டது. அந்தத் தொகையைவிடப் பெரிய ஆதாயம், ஒரு தலைமுறை மாணவர்கள் கணினி என்றால் ஒரு நிறுவனத்தின் பெயர் என்று நினைக்காமல் வளர்ந்தது.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸும் விண்டோஸும் ஒரே கணினியில் சேர்த்து வழங்கப்பட்டதுண்டு. வன்பொருள் வந்தது, லினக்ஸும் வந்தது. பாடத்திலும் பயிற்சியிலும் தேர்விலும் அதற்கு இடம் இல்லாதபோது, மாணவர் பழகிய பக்கத்தையே சொடுக்குவது இயல்பு. வட்டில் இருப்பது வேறு, வழக்கில் இருப்பது வேறு.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. ஆனால் 2017இல் நகர்மன்றமே மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. துறைக்குத் துறை சிதறிக்கிடந்த தொழில்நுட்ப நிர்வாகம், பிற அலுவலகங்களோடு ஆவணப் பரிமாற்றத்தில் எழுந்த தொல்லைகள், நகர நிர்வாகத்தின் அரசியல் மாற்றம் ஆகியவை சேர்ந்து ஒரு பத்தாண்டு உழைப்பைத் திருப்பிப் போட்டன. தொழில்நுட்ப வெற்றி மட்டும் போதாது, அதைக் காக்கும் அரசியல் உறுதியும் பயன்படுத்துவோரின் ஒப்புதலும் தொடர்ந்து இருக்கவேண்டும் என்பது மியூனிக் தரும் பாடம்.

எதிர்ப்படும் இடர்கள்

ஆர்வத்தில் இடர்களை மறைப்பது தோழமை ஆகாது. டாலி கணக்கு மென்பொருள் லினக்ஸுக்கென வருவதில்லை. பேஜ்மேக்கர், கோரல்டிரா ஆகியவற்றில் துண்டறிக்கையும் சுவரொட்டியும் அமைப்போர், ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் ஆகியவற்றைப் புதிதாகக் கற்கவேண்டும். அது ஒரு வாரத்தில் முடியும் காரியம் அன்று. ஹெச்பி அச்சுப்பொறிகள் பெரும்பாலும் இணைத்தவுடன் வேலை செய்யும். நிறுவனத்தின் தனி இயக்கி மென்பொருள் இல்லாமல் அசையாத சில மலிவு லேசர் அச்சுப்பொறிகள் தொல்லை தரும்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு ஒரு நற்செய்தி உண்டு. தமிழ்99, பழைய தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை ஆகிய விசைப்பலகைகள் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஐபஸ் எனும் கருவியில் ஒருமுறை அமைத்தால் போதும். ஒருங்குறித் தமிழ் எல்லா இடத்திலும் தெளிவாகத் தெரியும். சிக்கல் பழைய கோப்புகளில் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கங்களில் இருபது முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த தீர்மானங்களும் மாநாட்டு அறிக்கைகளும் ஒருங்குறிக்கு மாற்றப்பட வேண்டும். விண்டோஸே தொடர்ந்தாலும் இந்த வேலையை ஒருநாள் செய்துதான் ஆகவேண்டும். ஓர் எழுத்துரு மறைந்தால் ஓர் இயக்கத்தின் நினைவும் மறையும் நிலையை எத்தனை காலம் தள்ளிப்போடுவது?

எப்படித் தொடங்குவது

அலுவலகம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றும் ஆவேசம் வேண்டாம். முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்றும் சோதிக்கவேண்டும். வட்டில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை ஏற்றி, வன்வட்டில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகிய நான்கும் ஒழுங்காக இருந்தால் பாதி அச்சம் நீங்கும்.

அடுத்து, விண்டோஸில் இருக்கும்போதே லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்பாக்ஸ் ஆகியவற்றைப் பழகிக்கொள்வது நலம். தளம் மாறும் நாளில் கருவி பழகியதாக இருந்தால் மாற்றம் பாதி முடிந்ததாகும். பின்னர் ஒரு கணினியை மட்டும் மாற்றி ஒரு மாதம் வேலை செய்து பார்க்கலாம். டாலிக்கும் பழைய அச்சுக்கோப்புகளுக்கும் ஒரு கணினியில் விண்டோஸை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதை இணையத்திலிருந்து துண்டித்து வைப்பது பாதுகாப்பு. எது தடைபட்டது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு குறிப்பேடு எழுதிவந்தால், அடுத்த அலுவலகத்துக்கு அதுவே பாடநூல்.

முக்கியமாக, தினமும் அந்தக் கணினியில் உழைப்பவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. தட்டச்சு செய்யும் தோழர் கலந்தாலோசிக்கப்படாமல், மேலிருந்து வந்த உத்தரவாக மட்டும் லினக்ஸ் இறங்கினால், முதல் கோளாறிலேயே அது வெளியேற்றப்படும். அந்த வெளியேற்றம் நியாயமானதாகவும் இருக்கும். கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் அமைப்புகள் நாடெங்கும் உள்ளன. தமிழ்நாட்டில் எஃப்எஸ்எஃப்டிஎன், தெலங்கானாவில் ஸ்வேச்சா போன்றவற்றின் இளைஞர்களை அழைத்து ஒரு ஞாயிறு முழுதும் நிறுவல் முகாம் நடத்துவது எந்த மாவட்டத்துக்கும் இயலக்கூடியதே.

மேசைக்கு அப்பால்

2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைகளைக் காரணம் காட்டி, நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் சுத்திகரிப்புத் திறன் கொண்ட ஆலையை நடத்தும் அந்த நிறுவனம், இந்தியச் சட்டப்படி இயங்குவது. கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர். தில்லி உயர் நீதிமன்றத்தை அது நாடிய பின்னரே சேவை மீண்டது. அயல்நாட்டு நிறுவனம் ஒன்று அயல்நாட்டுத் தடை ஒன்றை ஏற்று, இந்திய மண்ணில் இயங்கும் எரிபொருள் ஆலையின் தொடர்பைத் துண்டிக்க முடியும் என்பது அந்த ஒரு வாரத்தில் வெட்டவெளிச்சமாயிற்று. மேசைக் கணினியில் லினக்ஸ் இருந்திருந்தால் மட்டும் இது தடுக்கப்பட்டிருக்காது. மின்னஞ்சலும் தரவுக்கிடங்கும் பிறர் கையில் இருக்கும்வரை கழுத்தும் பிறர் கையில்தான். ஆனால் சொந்தக் கட்டுப்பாட்டின் பாதை மேசையிலிருந்தே தொடங்குகிறது.

ஒன்றிய அரசு 2015இலேயே அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட மாயா தளத்தைத் தன் கணினிகளுக்குத் தேர்ந்தெடுத்ததாகச் செய்திகள் வந்தன. தன் இராணுவத் தலைமையகத்துக்கு ஆகும் என்று கருதுவதை, பள்ளிக்கும் அஞ்சலகத்துக்கும் வங்கிக்கும் ஆகாது என்று அரசு எந்த வாதத்தால் சொல்லும்? கொள்கை காகிதத்தில் இருக்க, ஒப்பந்தப்புள்ளிகள் பழைய பெயரிலேயே கோரப்படும் போக்கை நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் ஊழியர் சங்கங்கள் வழியாகவும் கேள்விக்குள்ளாக்க வேண்டும். விண்டோஸ் 10 முடிவைக் காரணம் காட்டிக் கணினிகளைக் கழித்துக்கட்டும் முன், அவற்றைக் கட்டற்ற மென்பொருளில் தொடர முடியுமா என்ற ஆய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். பாஸ் தளத்துக்கு நிலையான நிதியும் ஆட்களும் வேண்டும். மாறும் இடங்களில் ஊழியர்களுக்கு வேலை நேரத்திலேயே பயிற்சி தரவேண்டும்.

இக்கோரிக்கைகளை எழுப்பும் அமைப்பு, தன் அலுவலகக் கணினியில் எதை இயக்குகிறது என்ற கேள்வி உடனே எழும். அதற்கு விடை கையில் இருக்கவேண்டும். கிளைக்கும் சங்கத்துக்கும் உள்ள கணினிகளைக் கணக்கெடுத்து, எது எந்தத் தளத்தில் ஓடுகிறது என்று ஒரு தாளில் குறிப்பதே முதல் வேலை. இரண்டாவது, அருகில் உள்ள அறிந்தவரை அழைத்து, அவர் பழகிய வழங்கலையே அந்த இடத்தின் வழங்கலாகத் தேர்வது. மூன்றாவது, ஒரு கணினியில் தொடங்குவது. இம்மூன்றுக்கும் காசு தேவையில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் தேவை.